டிராய் தடுத்தது இலவச இன்டர்நெட்டையா?

‘ஏழைகளுக்கு ஃபேஸ்புக் கொடுக்க வந்த இலவச இன்டர்நெட்டை 2016இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தடை செய்துவிட்டது’ என்று ஒரு பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிதான் உண்மை.

தடை வந்தது சரி. ஆனால் ஃபேஸ்புக் கொடுக்க வந்த ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற அந்தச் சேவை முழு இன்டர்நெட் அல்ல. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம்மில், ஃபேஸ்புக்கின் விதிகளுக்கு உட்பட்ட சில தளங்கள் மட்டும் காசில்லாமல் திறந்தன. அந்தப் பட்டியலைத் தாண்டி ஒரு லிங்க்கைத் தொட்டால் டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அப்புறம், இலவச டேட்டாவின் செலவை ஏற்றது ஃபேஸ்புக்கும் அல்ல, தொலைபேசி நிறுவனம்தான்; இன்று ருசி பார்ப்பவர் நாளை டேட்டா பேக் போடுவார் என்ற கணக்கு.

பிப்ரவரி 8 அன்று டிராய் சொன்னது இவ்வளவுதான்: வாடிக்கையாளர் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பதை வைத்துத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டா கட்டணத்தை மாற்றக் கூடாது. மீறினால் அபராதம் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். அவசரகாலச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. எந்தத் தளத்தையும் பார்க்கும்படி இலவச டேட்டா கொடுத்தால் இந்த விதி குறுக்கே வராது. சொல்லப்போனால், கிராமப்புற வாடிக்கையாளர்களுக்கு மாதம் 100 எம்பி இலவசமாகக் கொடுக்கலாம், செலவை அரசின் தொலைத்தொடர்பு நிதியிலிருந்து ஏற்கலாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் பரிந்துரைத்ததும் இதே டிராய்தான்.