‘ஈக்வினாக்ஸ் வெயில்’ வருகிறதா? வாட்ஸ்அப் தகவல் பொய்

“மார்ச் 22 முதல் 28 வரை ஈக்வினாக்ஸ் தாக்கம். வெயில் 40 டிகிரிக்கு எகிறும். பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள்.” பங்குனி வந்தால் குடும்ப குரூப்பில் தவறாமல் வந்து விழும் தகவல் இது. பல வருடமாகச் சுற்றுகிறது, ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

ஈக்வினாக்ஸ் என்பது சம இரவு நாள். மார்ச் 20 அல்லது 21-இல் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரும். அது ஒரு கணம்தான், ஒரு வாரத் தாக்குதல் அல்ல. செப்டம்பரிலும் இதே நிகழ்கிறது. அப்போது யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை! கன்னியாகுமரிக்கு நேர் மேலே சூரியன் வருவதே ஏப்ரல் 10 வாக்கில். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில்.

சரி, கரையோர வெயிலைத் தீர்மானிப்பது எது? பெரும்பாலும் கடற்காற்று. மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும், வெயில் ஏறிவிடும். மொட்டை மாடிக் கொடியைப் பாருங்கள். காலையில் கிழக்கே பறக்கும் துணி, நண்பகலில் மேற்கே திரும்பினால் கடற்காற்று வந்துவிட்டது. இரண்டு மணியாகியும் திரும்பவில்லையா, அன்றைக்கு அனல்தான். 2003 மே கடைசியில் சென்னை 45 டிகிரியைத் தொட்டது, ஈக்வினாக்ஸ் முடிந்து இரண்டு மாதம் கழித்து.

வானிலை ஆய்வு மையம் மார்ச் முதல் மே வரைக்கான கண்ணோட்டத்தை பிப்ரவரி இறுதியில் தருகிறது. அதில் வழக்கத்தைவிட வெப்பம் கூடுமா என்ற சாத்தியக்கூறுதான் இருக்கும். நாள் குறித்துக் கொடுக்காது. உச்சிவெயிலைத் தவிர்ப்பது நல்லதுதான், அதற்கு இந்த ஃபார்வர்டு தேவையில்லை.