கப்பாலாவுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை

யூத மதத்தைப் பற்றி நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்கும் நண்பர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது கப்பாலா என்கிற யூத மறைஞான மரபுதான். அதில் தப்பில்லை. ஆனால் கடைகளில் அந்தப் பெயரில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி, சிவப்புக் கயிறு கட்டினால் கண்ணேறு கழியும் என்கிற வகை. அவற்றில் யூதர்களைத்தான் காணோம். என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது ஜெபிக்கிறார்கள், எதற்காகத் தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள் என்று ஒரு வரி இருக்காது. கப்பாலாவை வளர்த்தவர்களோ பெரும்பாலும் மதச் சட்டத்தில் ஊறிய ரபிகள், அதாவது யூத மத ஆசான்கள். சட்டமும் வழிபாடும் கொஞ்சமாவது தெரியாமல் அங்கே போய்ப் பயனில்லை என்பது என் கட்சி.

'பழைய ஏற்பாடு படித்திருக்கிறேனே' என்பார்கள். சரி. நம் தமிழ் பைபிளில் அது எலியா வருவான் என்ற வாக்கோடு மல்கியாவில் முடியும். பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு. யூதர்களின் வரிசையில் கடைசி நூல் நாளாகமம். எருசலேமுக்குப் போகிறவன் போகட்டும் என்று பாரசீக அரசன் கோரேஸ் சொல்வதோடு முடிகிறது. அந்த வரிசையில் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

அப்புறம் தல்முத், ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பெருநூல். முழுவதும் வேண்டாம். தினம் ஒரு தாள் வீதம் படிப்பவர்களுக்கே ஏழரை வருஷம் ஆகிறது (சனி அல்ல, சந்தோஷமாகத்தான் படிக்கிறார்கள்). பெராகோத் பகுதியின் முதல் பக்கம் போதும். 'இஸ்ரவேலே, கேள்' என்ற உபாகம வசனத்தை மாலையில் எந்த நேரத்திலிருந்து ஓதலாம் என்று ஆரம்பிக்கிறது. முதல் சாமம் வரை என்கிறார் ஒருவர். நள்ளிரவு வரை என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். விடியும் வரை என்கிறார் ரப்பான் கமாலியேல். அவருடைய பிள்ளைகள் விருந்துக்குப் போய்விட்டு நேரங்கழித்து வந்து, இன்னும் ஓதவில்லை என்று நிற்கிறார்கள். பொழுது விடியவில்லை என்றால் ஓதித்தான் ஆகவேண்டும் என்கிறார் அப்பா. மூலம் நடுவில், ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, மறுபக்கம் பின்னால் வந்தவர்கள் அவரோடு நடத்தும் வழக்கு. நச்சினார்க்கினியரோடு மல்லுக்கட்டிய ஆட்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு செஃபாரியா தளத்தில் இலவசம்.

வெள்ளி மாலையில் தொடங்கும் ஓய்வுநாளைப் புரிந்துகொள்ள ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951இல் எழுதிய 'த சபாத்'. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முடித்த கையோடு 'லெக்கா தோதி' பாடலைத் தேடிக் கேளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் (இன்றைய வட இஸ்ரேல்) ஊரின் கப்பாலாக்காரர்கள் வெள்ளி மாலை வயல்வெளிக்குப் போய் ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்றார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த ஷ்லோமோ அல்கபேட்ஸ் எழுதியது அது. பத்திகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அவர் பெயர் வரும். இன்றைக்கும் ஜெப ஆலயங்களில் கடைசிப் பத்தியின்போது எல்லோரும் வாசல் பக்கம் திரும்புகிறார்கள். ரகசியம் என்று கடையில் விற்கிறார்களே, அது இங்கே வாராவாரம் ஊரறியப் பாடப்படுகிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் கப்பாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம். 1941இல் வந்த அவருடைய 'மேஜர் ட்ரெண்ட்ஸ் இன் ஜூயிஷ் மிஸ்டிசிசம்' கடினம்தான், ஆனால் அதைத் தவிர்க்க வழியில்லை. தியானமும் அனுபவமும் அவரிடம் அடங்கிப்போய்விட்டன என்று 1988இல் மோஷே இடெல் எதிர்வாதம் வைத்தார். அதை இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

ஷோலெமில் எனக்குப் பிடித்தது கப்பாலாவின் முக்கிய நூலான சோஹார் பற்றிய பகுதி. 2ஆம் நூற்றாண்டு ரபி ஷிமோன் பர் யோஹாய் அருளியது என்று சொல்லி, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் அதைப் பரப்பியவர் மோசே தெ லியோன். அவர் இறந்தபின், பழைய ஏட்டைத் தந்தால் உன் மகளுக்கு என் மகனைக் கட்டிவைக்கிறேன் என்று ஒரு பணக்காரர் வீட்டு அம்மாள் அவருடைய விதவையிடம் கேட்டாராம். ஏடு எதுவும் கிடையாது, எல்லாம் அவர் மண்டையிலிருந்து எழுதியது என்று பதில் வந்ததாக அந்தக் காலத்துக் கப்பாலாக்காரர் ஆக்கோ ஊர் ஐசக் குறித்துவைத்திருக்கிறார். ஷோலெம் மொழிநடையை அலசி, கிட்டத்தட்ட அந்த விதவை சொன்ன முடிவுக்கே வருகிறார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர், ஒருவர் அல்ல, ஒரு குழுவே எழுதியது என்கிறார்கள்.

சோஹாரையே படிக்க வேண்டுமென்றால் டேனியல் மாட் தொடங்கிய 12 தொகுதி மொழிபெயர்ப்பு இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் யானை விலை. முதல் தொகுதியை மட்டும் வாங்கி, அடிக்குறிப்புகளைத் தாண்டாமல் படியுங்கள்.