பேராக் மந்திரி பெசாரைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி மட்டுமா?

சுங்கை சிப்புட் தோட்டப்புறப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: 2020இல் மலேசியாவின் பேராக் மாநில மந்திரி பெசார் (முதலமைச்சர்) பைசால் அசுமுவை எதிர்க்கட்சியே கவிழ்த்தது, அடுத்த மந்திரி பெசாராகச் சாரானி முகமட்டைச் சட்டமன்றம் வாக்கெடுத்துத் தேர்ந்தது என்று. இரண்டுமே தவறு.

டிசம்பர் 4 அன்று நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத வாக்கு 1. சட்டமன்றத்தில் மொத்தமே 59 பேர்தான். ஆட்சியில் பங்காளியாக இருந்த அம்னோ கட்சியே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது, எதிர்த்தும் வாக்களித்தது. கூட்டணிக்குள் நடந்த சண்டை அது. இதை மறைத்துப் பேசுவது நம் வாக்காளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், சாரானிக்காகச் சட்டமன்றம் வாக்கெடுக்கவில்லை. பெரும்பான்மைக்கு 30 பேர் வேண்டும். அம்னோவிடம் இருந்தது 25. கட்சிகள் பேசி முடித்தபின், பெரும்பான்மை ஆதரவு உள்ளவர் என்று கருதி டிசம்பர் 10 அன்று அவரை நியமித்தவர் மாநில ஆட்சியாளரான சுல்தான்.