அத்தைக்குக் கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஏன் கிடைக்கவில்லை?

எங்கள் அத்தைக்கு 71 வயது. மாமா இறந்து இருபது வருடம் ஆகிறது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் அதை ஓ.ஏ.பி. பணம் என்பார்கள். சுகர் மாத்திரைக்கும் காப்பித்தூளுக்கும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தார். போன வருடம் பேத்தியின் பிரசவத்துக்காக மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கினார். அந்தச் சமயம் பார்த்து, பயனாளிகள் உண்மையில் இருக்கிறார்களா என்று சரிபார்க்க ஆள் வந்திருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. ‘ஊரில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து பணம் நின்றுவிட்டது.

வி.ஏ.ஓ.வைப் பார்த்தோம். அவர் தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். மனு கொடுத்தோம், ரசீது வாங்கினோம், மறுபடி போனோம், மறுபடி மனு கொடுத்தோம். எட்டு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் அத்தையை எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். காலை எட்டு மணிக்கே நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். கல்லூரி சீட்டு, பட்டா மாறுதல், ஆஸ்பத்திரிச் செலவு, மகனுக்கு வேலை என்று ஆளுக்கொரு கவலை. எங்கள் முறை வந்ததும் எம்.எல்.ஏ. மனுவை முழுதாகப் படித்தார். “எத்தனை மாசமா வரலைம்மா?” என்று கேட்டார். லெட்டர் பேடில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார், உதவியாளரை விட்டு போனும் பண்ணச் சொன்னார். அடுத்த மாதமே பணம் வந்துவிட்டது. நின்றுபோன எட்டு மாதத்து 9,600 ரூபாய் மட்டும் வரவில்லை.

அவருக்கு என் நன்றி உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பணம் வந்த செய்தி தெரிந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து என்னிடம், “எனக்கும் இப்படித்தான் நின்னு போச்சு தம்பி” என்றார். அவர் அப்போது கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். விசாரித்தால் எங்கள் ஒரே தெருவில் நான்கு பேர். அதே சரிபார்ப்பு, அதே மாதம். அத்தையைக் கூட்டிப்போக நான் இருந்தேன். மற்ற மூவருக்கும் அப்படி ஆள் இல்லை.

அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல எம்.எல்.ஏ. யார் என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? கூப்பிட்டால் வருவார், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவார், கடிதம் கொடுப்பார், நிழற்குடை கட்டினார், ஹைமாஸ்ட் விளக்கு போட்டார். அவர் சட்டமன்றத்தில் பட்ஜெட் சமயத்தில் என்ன பேசினார் என்று நானும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு வருடம் 3 கோடி ரூபாய். அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் வேலையைச் செய்யும். அங்கன்வாடி கட்டடம், ரேஷன் கடை, வகுப்பறை, சாலை எல்லாம் அதில் வருகின்றன. தேவையானவைதான். ஆனால் மொத்தக் கணக்கில் அது எவ்வளவு? 234 தொகுதிக்கும் சேர்த்தால் 702 கோடி. 2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் வருவாய்ச் செலவு (சம்பளம், ஓய்வூதியம், மானியம் போன்ற அன்றாடச் செலவு) மட்டும் சுமார் 3.73 லட்சம் கோடி ரூபாய் என்று போட்டிருந்தார்கள். ஆயிரம் ரூபாயில் இரண்டு ரூபாய்கூட வராது. அந்த இரண்டு ரூபாய்க்குத்தான் நாம் பெயர்ப்பலகை பார்க்கிறோம். மீதி 998 ரூபாய் எங்கே போகிறது, எங்கே போகாமல் நிற்கிறது என்று கேட்க வேண்டியவரும் அதே எம்.எல்.ஏ.தான்.

ஓ.ஏ.பி.யையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இது 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-இல் ஜெயலலிதா முதலமைச்சரானதும் 500 ரூபாயை 1,000 ஆக்கினார். அதற்குப் பிறகு 200 ரூபாய் கூடுவதற்கு 2023 வரை பன்னிரண்டு வருடம் ஆனது. அந்த உயர்வைப் பெற்றவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு வருடம் 2,400 ரூபாய், மொத்தம் 720 கோடி. அதாவது 234 எம்.எல்.ஏ.க்களின் தொகுதி நிதி முழுவதையும் கூட்டினால் வருகிற தொகையும், ஒரு கிழவியின் மாதப் பணத்தில் கூடிய 200 ரூபாயும் கிட்டத்தட்ட ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு மத்திய அரசு தரும் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். பதினைந்து வருடத்துக்கும் மேலாக அதே 200தான். அதைப் பற்றியும் சட்டமன்றத்தில் உரக்கப் பேசலாம்.

சரி, ஒரு எம்.எல்.ஏ.வால் பட்ஜெட்டில் என்னதான் செய்ய முடியும்? நேர்மையாகச் சொன்னால், ஒரு ரூபாயைக்கூட அவரால் கூட்ட முடியாது. அரசியல் சாசனத்தின் 203-ஆவது பிரிவுப்படி, ஒவ்வொரு துறையின் செலவும் மானியக் கோரிக்கையாகச் சபைக்கு வருகிறது. சபை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டுவதற்கு வழியில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985-க்குப் பிறகு, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவிக்கே ஆபத்து. அதனால் ஆளுங்கட்சிக்காரர் கைதூக்குவார், எதிர்க்கட்சிக்காரர் எதிர்ப்பார், கோரிக்கை நிறைவேறிவிடும். இதில் என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள்.

இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மானியக் கோரிக்கைக்கு முன்னால் ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. எத்தனை பயனாளிகள், எவ்வளவு பணம் என்று அதில் அச்சிடுகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த உதவித்தொகையைக் கவனிக்கும் வருவாய்த் துறை மீதான விவாதத்தின்போது ஒரு உறுப்பினர் எழுந்து, “என் தொகுதியில் கடந்த ஆண்டு சரிபார்ப்பில் எத்தனை பேருக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது? அதில் எத்தனை பேருக்குத் திரும்பக் கிடைத்தது? எத்தனை மாதம் ஆனது? நின்ற மாதங்களின் பணம் என்ன ஆனது?” என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் தயாரிக்கச் சென்னையிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து தாலுகாவுக்கும் கேள்வி இறங்கும். எங்கள் நான்கு மனுக்களும் எந்த மேசையில் கிடக்கின்றன என்று யாரோ தேடுவார்கள். ஆளில்லாத வீட்டுக்கு இரண்டாவது முறை போய்ப் பார்த்த பிறகே பெயரை நீக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், மாநிலம் முழுக்க எத்தனையோ கிழவிகளுக்கு லெட்டர் பேடே தேவைப்படாது. அதற்குக் கட்சி கட்டுப்பாடு தடையில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்கலாம்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். எதிர்க்கட்சித் தொகுதியையும் சேர்த்துக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்படிப்பட்ட பட்டியலில் பாலமும் கல்லூரியும் பஸ் ஸ்டாண்டும்தான் எளிதாக ஏறும். நின்றுபோன 1,200 ரூபாய் ஏறாது. அது கண்ணுக்குத் தெரிகிற கட்டடம் இல்லையே.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் குவிகிற மனுக்கள் மீது எனக்கு இப்போது பெரிய மரியாதை வந்திருக்கிறது. ஒரு வருடத்து மனுக்களை வகைவாரியாகப் பிரித்து எழுதினால், பட்ஜெட் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று அந்தத் தாளே காட்டிவிடும். ஒரே சிக்கலுக்கு முப்பது மனு வந்தால் முப்பது கடிதம் எழுதுவதைவிட ஒரு கேள்வி எழுதுவது பெரிய உதவி. அதைச் செய்ய அலுவலகத்தில் ஒரு நோட்டும் பொறுமையான ஒரு ஆளும் போதும்.

அதனால் நானே ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் தெரு நான்கு பேரின் விவரம், மனு எண், பணம் நின்ற மாதம் எல்லாம் எழுதியாகிவிட்டது. அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால் எங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுத்து, இந்த முறை கடிதம் வேண்டாம், சபையில் கேளுங்கள் என்று சொல்லப் போகிறேன். கீழத்தெருவில் இன்னும் இரண்டு பேர் இருப்பதாக அத்தை சொல்கிறார். நாளைக் காலை அங்கே போக வேண்டும்.