கேட்க ஆள் இல்லாத கதை

வாய்மொழிக் கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் குரல் குழைந்துவிடுகிறது. வேர், மண், மரபு என்று ஆரம்பித்துவிடுகிறோம். எனக்கு அந்தக் குழைவில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கதை என்பது ஒரு சமூகம் பிழைத்துக்கிடக்க வைத்திருக்கும் ஏற்பாடு. அழகு அதற்கு அப்புறம்தான்.

இந்தோனேசியாவின் சிமலூ தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1907-இல் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த பேரலையும் அங்கே ஏராளமானவர்களைக் கொன்றன. தப்பியவர்கள் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்கு. நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. கதையின் சாரம் இவ்வளவுதான். அந்த அலையை அவர்கள் ஸ்மோங் என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலம் ஆடியபோது சைரன் கிடையாது, அலை வரச் சில நிமிடங்களே இருந்தன. 'ஸ்மோங்' என்ற கூச்சல் கேட்டதும் ஊர் ஊராக மலையேறினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். அதே நாளில் சுமத்ராவின் ஆச்சே கரையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அடையாளம் என்று நீட்டி முழக்குகிறோமே, ஒரு கூச்சலுக்கு ஊரே ஒன்றாக ஓடியதைவிட அதற்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கனடாவில் பூர்வகுடிகள் தங்கள் நில உரிமைக்குச் சான்றாகக் குலக்கதைகளையும் பாடல்களையும் நீதிமன்றத்தில் வைத்தார்கள். முதலில் விசாரித்த நீதிபதி அவற்றுக்குப் பெரிய மதிப்புத் தரவில்லை. 1997-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணங்களுக்கு இணையாக எடைபோட வேண்டும் என்றது.

அதற்காக எல்லாக் கதையும் உண்மை என்று சொல்ல வரவில்லை. அரசனைப் புகழ்ந்து பிழைத்த கதைசொல்லிகள் உலகெங்கும் உண்டு. தோற்றவன் பக்கத்துக் கதை பாதியில் காணாமல்போவதும் உண்டு.

என் சண்டை வேறொரு இடத்தில். 'எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டால் காப்பாற்றிவிடலாம்' என்கிறார்களே, அங்கே. 1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர் யூகோஸ்லாவியாவில் காவியப் பாடகர்களைப் பதிவு செய்தார். அவர்கள் அதே பாட்டை அட்சரம் பிசகாமல் பாடுவதாகச் சாதித்தார்கள். ஒலித்தட்டிலோ ஒவ்வொரு முறையும் வரிகள் மாறியிருந்தன. எதிரே இருப்பவர்களைப் பார்த்துப் பாட்டை நீட்டுவார்கள், சுருக்குவார்கள். அவர்களுக்கு அது மாற்றமாகவே படவில்லை. பதிவில் கிடைப்பது ஒரு நாள் சொன்னது மட்டுமே. அதுவும் இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சியிருக்காது, சரி. ஆனால் 'அப்புறம்?' என்று கேட்க எதிரே ஆள் இல்லாவிட்டால் மறுநாள் சொல்ல வேண்டிய கதை பிறக்காது.

அதனால் ஒலிப்பதிவுக் கருவியோடு பெரியவர்களைத் தேடிப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் குறுக்கிடும் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது.