இடிக்கிறது கடைசிப் பாடம்

எங்கள் பயிற்சியில் முதல் இருபது நிமிடம் தும்புத்தடியோடுதான் போகும். கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு பழைய ஸ்டோர், எங்களில் ஒருவருடைய பெரியப்பாவுக்குச் சொந்தம். கிழமை நாட்களில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் ஏற்றி இறக்குகிற இடம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூட்டைகளை ஒரு பக்கச் சுவரோடு ஒதுக்கிவிட்டுக் கூட்டத் தொடங்குவோம். ஒரேயொரு வெங்காயச் சருகு போதும். சப்பாத்துச் சக்கரத்துக்குக் கீழே அகப்பட்டால் கால் தன்பாட்டில் போய்விடும். கூட்டி முடித்த பிறகும் இரண்டு பேர் குனிந்து தரையைக் கையால் தடவிக்கொண்டு போவார்கள். கடுகளவு கல் மாட்டினாலும் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். உடம்பு நிற்காது.

நாங்கள் பழகுவது ரோலர் டெர்பி, சக்கரம் பூட்டிய ஸ்கேட் சப்பாத்தில் சறுக்கிக்கொண்டு இடித்து விளையாடுகிற விளையாட்டு. ஒன்பது ஆண்கள், பயிற்றுவிக்க ஒரு அக்கா. அக்கா மெல்பேர்னில் படிக்கப் போன இடத்தில் ஒரு பெண்கள் அணியில் சேர்ந்து, சில வருடம் விளையாடிவிட்டுத் திரும்பி வந்தவர். எங்களில் ஆக இளையவருக்கு 21 வயது, ஆக மூத்தவருக்கு 44. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கிறோம். ஆனால் பாதையில் கத்துவது மட்டும் எப்படியோ தமிழாகிவிட்டது. "உள்ள! உள்ள! வெளிய!" என்று இப்போது கொலன்னாவைச் சிங்களப் பெடியனும் கத்துகிறான்.

போன ஞாயிறு, சேர்ந்து இரண்டு மாதமான ஒரு தம்பி என்னிடம் கேட்டார். "அண்ணா, இவ்வளவு நாளும் விழுந்து எழும்பிக்கொண்டுதான் இருக்கிறம். எப்ப இடிக்கத் தொடங்குறது?" அன்றைக்கே இன்னும் இருவர் வட்ஸ்அப்பில் அதையே எழுதினார்கள். அதில் ஒருவர் ஒரு படி மேலே போய், "நாங்க ஆம்பிளைகள்தானே, அக்காக்கள் பழகின ஒழுங்கிலதான் நாங்களும் பழகவேணுமா?" என்று கேட்டிருந்தார். பயிற்சி முடிகிற அவசரத்தில் நான் சரியான பதில் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: முதல் மூன்று மாதம் ஒருவரும் ஒருவரையும் இடிக்கக்கூடாது. அதற்குப் பிறகும் அக்கா சரி என்று சொல்லும்வரை கூடாது. அவர் பழகின ஒழுங்கில்தான் நாமும் பழகவேண்டும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தட்டையான தரையில் நீள்வட்டப் பாதை. ஒரு அணிக்கு 5 பேர் இறங்குவார்கள். ஒருவர் ஜாமர், ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்ட உறை அவருக்கு. மற்ற 4 பேரும் பிளொக்கர்கள். எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்கள். ஜாமர் எதிரணிப் பிளொக்கர்களைத் தாண்டிப் போகவேண்டும். முதல் தடவை தாண்டுவதற்குப் புள்ளி கிடையாது. சுற்றி வந்து அடுத்த தடவை தாண்டும்போதுதான் தாண்டிய ஆளுக்கு ஒரு புள்ளி. இப்படி ஒரு ஓட்டம் கூடினால் 2 நிமிடம், அதை ஜாம் என்பார்கள். இடையில் 30 விநாடி மூச்சு வாங்க நேரம். முழு ஆட்டம் 30 நிமிடப் பகுதிகள் இரண்டு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் தன் ஜாமருக்கு வழியும் விடவேண்டும், மற்ற ஜாமரை மறிக்கவும் வேண்டும். பந்து இல்லை. ஊரில் கிளித்தட்டு விளையாடினவர்களுக்கு இது உடனே பிடிபடும். கிளித்தட்டில் மறிக்கிறவர் தொட்டால் போனவர் ஆட்டமிழந்தார். இங்கே தொட்ட பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

தோளால், மார்பால், இடுப்பால் இடிக்கலாம். முழங்கை, கை, தலை பாவிக்கக்கூடாது. எதிராளியின் முதுகிலும் தலையிலும் நடுத்தொடைக்குக் கீழேயும் படக்கூடாது. பிழைவிட்டால் 30 விநாடி வெளியே போய் இருக்கவேண்டும். ஏழாவது தடவையோடு அந்த ஆட்டம் அவருக்கு முடிந்தது.

சரி, இனி விழுவதைப் பற்றி. இதை நான் வாசித்து அறிந்துகொள்ளவில்லை. இந்தக் குழுவைத் தெரிவதற்கு முன்னரே ஒரு சோடி ஸ்கேட் சப்பாத்து வாங்கி, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் தனியாகப் பழகினேன். காப்புக் கவசம் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் பின்பக்கமாகச் சரிந்தேன். சரியும்போது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், கையைப் பின்னால் விரித்து ஊன்றினேன். முழு உடம்பின் பாரமும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கியது. ஆறு கிழமை மாவுக்கட்டு. சோற்றைப் பிசைய இடது கையைப் பழக்கிய நாட்கள் அவை. அம்மா ஒன்றும் பேசமாட்டார், பக்கத்தில் இருந்து கோப்பையைத் தள்ளித் தள்ளி வைப்பார்.

கையை ஊன்றுவது பிறந்ததிலிருந்து உடம்புக்குத் தெரிந்த பழக்கம். அதை மறக்கடிக்கத்தான் இரண்டு மாதம் தேவைப்படுகிறது. அக்கா முதல் நாளே சொல்வார்: முன்னால் விழு, சின்னதாக விழு. ஒரு முழங்கால், அப்புறம் மற்றது, கை இரண்டும் நெஞ்சோடு, விரல்கள் மடக்கி. விரலை ஏன் மடக்கவேண்டும் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பின்னால் வருகிறவருக்கு எட்டுச் சக்கரம் இருக்கிறது, தரையில் விரித்த விரல் அதற்குக் கீழே போகும். விழுந்த பிறகு கையை ஊன்றாமல் மூன்று விநாடிக்குள் எழும்பவேண்டும். எழும்பாவிட்டால் அடுத்த ஆள் உங்கள்மேல் விழுவார். மணிக்கட்டுக் காப்பில் உள்ளங்கைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். கை தரையில் பட்டாலும் அது வழுக்கிக்கொண்டு போகும், ஊன்றி நிற்காது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அந்த ஒரு தகடு அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் ஆறு கிழமை மிஞ்சியிருக்கும்.

இது ஒருவர் தன்னைக் காப்பாற்றுகிற விசயம் மட்டும் இல்லை, தம்பி. நான் உங்களை இடிக்கவேண்டுமென்றால் உங்களுக்கு விழத் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கவேண்டும். அது இல்லாமல் என்னால் முழுப் பலத்தோடு வரமுடியாது. பாதிப் பலத்தோடு வருகிற இடி இரண்டு பேருக்கும் ஆபத்து, ஏனென்றால் பாதியில் தயங்குகிறவனுடைய கைதான் முதலில் வெளியே நீளும்.

அப்புறம் சுவர். மூன்று பேர் தோளோடு தோள், இடுப்போடு இடுப்பு ஒட்டி நிற்பார்கள். நாலாவது ஆள் அவர்களுக்கு முன்னால், அவர்களைப் பார்த்தபடி, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு கையால் தாங்கிப் பிடிப்பார். ஜாமர் தேடுவது பொருத்துகளைத்தான், இரண்டு பேருக்கு நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி கிடைத்தால் போய்விடுவார். இந்தச் சுவரைக் கட்டத்தான் எங்களுக்கு ஆகக் கூடிய நாள் எடுத்தது. கதிரையில் இருப்பதுபோல மடங்கி நிற்கவேண்டும். பத்து விநாடியில் தொடை எரியும். "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்று அக்கா பின்னாலேயே வருவார். ஆனால் தொடையை விடக் கஷ்டமாக இருந்தது ஒட்டி நிற்பதுதான். வளர்ந்த ஆண்கள் நாம் கைகுலுக்குவதைத் தவிர ஒருவரையொருவர் தொடுவதில்லை. முதல் கிழமைகளில் எங்கள் சுவரில் எப்போதும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அக்கா ஒரு நாள் எங்கள் நடுவில் தும்புத்தடியை நட்டுக் காட்டினார், அது தாராளமாக உள்ளே போனது. "உங்கட கூச்சம்தான் ஜாமருக்குப் பாதை" என்றார். அந்த 44 வயது அண்ணா வங்கியில் வேலை, ஆறு மாதம் 'சேர்' போட்டுத்தான் கதைத்தோம். இப்போது அவருடைய பாரம் என் இடுப்பில் எந்தக் கணம் கூடுகிறது, எந்தப் பக்கம் சாயப்போகிறார் என்பது கண்ணை மூடிக்கொண்டே எனக்குத் தெரியும். தெரிந்தால்தான் என் காலை வைக்கலாம். இடியைப் பழகுவதற்கு முன் இதைப் பழகாத அணி, இடிக்கிற ஒன்பது தனி ஆட்கள்தான்.

"ஆம்பிளைகள்தானே" என்ற கேள்விக்கு வருகிறேன். அது எனக்குக் கொஞ்சம் சுட்டது.

1935இல் சிகாகோவில் லியோ செல்ட்சர் இதைத் தொடங்கியபோது அது இடிக்கிற விளையாட்டே இல்லை. சரிவான மரப்பாதையில் நாட்கணக்கில் சுற்றுகிற நெடுந்தூரப் போட்டி. ஆண்களும் பெண்களும் சேர்ந்துதான் ஓடினார்கள். மோதுவதைச் சேர்த்தது சில வருடம் கழித்துத்தான். அதாவது விளையாட்டே முதலில் சறுக்கப் பழகி, பிறகுதான் இடிக்கப் பழகியது. தொலைக்காட்சியில் பெரிய பெயர் எடுத்து, 70களில் படுத்துவிட்ட அதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். சரிவுப் பாதை கட்டக் காசு இல்லாத அணிகளும் விளையாடக்கூடியதாக, தட்டைத் தரையில் கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டினால் பாதை தயார் என்று ஆக்கியதும் அவர்கள்தான். அது இல்லாவிட்டால் கிராண்ட்பாஸ் ஸ்டோரில் நமக்கு என்ன பாதை? 2004இல் அந்தப் பெண்கள் அணிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து விதிகளை எழுதின. ஆண்களுக்கான சங்கம் வந்தது 2007இல். ஆண்களின் முதல் உலகக் கிண்ணம் 2014இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் நடந்தது. அங்கே விளையாடியதும் பெண்கள் எழுதிய அதே விதிப் புத்தகத்தின்படிதான். கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் நாங்கள் விளையாடியதைப் பார்த்துத்தான் பெண்கள் பழகினார்கள். இங்கே நாங்கள்தான் பிந்தி வந்தவர்கள். பிந்தி வந்தவர்கள் முதலில் பார்த்துப் பழகுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கு அது பெருமையாகவே இருக்கிறது.

பலம் கூட என்பதால் சீக்கிரம் இடிக்கலாம் என்பதும் பிழை. எங்களில் ஒருவர் 58 கிலோ, ஒருவர் 96 கிலோ. குத்துச்சண்டைபோல எடைப் பிரிவு டெர்பியில் கிடையாது, இருவரும் ஒரே பாதையில்தான். பாரமும் வேகமும் கூடக்கூட ஒழுங்கும் கூடத்தான் வேண்டும். பாடசாலையில் ரக்பி விளையாடிவிட்டு வந்த ஒரு தம்பி எங்களிடம் இருக்கிறார், நல்ல திறமைசாலி. ஆனால் ஆளைக் கண்டவுடன் இரண்டு கையும் கட்டிப்பிடிக்க விரியும். இங்கே அது பிழை. அந்தக் கைகளை மடக்க அவருக்கு நாலு மாதம் போனது. இன்றைக்கு ஆகச் சுத்தமாக இடிக்கிறவர் அவர்தான்.

போன மாதம் நடந்ததையும் எழுதவேண்டும். பழைய ஆட்கள் ஆறு பேர் மூன்றுக்கு மூன்றாக விளையாடினோம். ஒருவர் சரியான முறையில், தோளால், மற்றவரை வெளியே தள்ளினார். தள்ளப்பட்டவருக்குக் கோபம் ஏறிவிட்டது. உள்ளே வந்த கையோடு முதுகில் திருப்பிக் கொடுத்தார். முதுகில் இடி விழுந்தால் ஆள் பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறது, உடம்பு தயாராக இருக்காது. இடி வாங்கியவர் என்மேல் விழ, மூன்றாவது ஆளின் முழங்கால் திரும்பியது. இரண்டு கிழமை அவர் வரவில்லை. அக்கா சத்தம் போடவில்லை. சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் கதிரையைக் காட்டி, "போய் இருங்கோ" என்றார். நான்தான் நேரம் பார்த்தேன். முப்பது விநாடி கோபத்தோடு இருப்பவருக்கு எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பத்தாவது விநாடியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இருபதில் ஹெல்மெட் வாரைத் தளர்த்திவிட்டுத் திரும்ப இறுக்கினார். எழும்பி வரும்போது நேரே முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பக்கத்தில் குந்தினார். இரண்டு வருடம் பழகியவருக்கே இப்படி என்றால், இரண்டு மாதத்தில் உங்களை நான் எப்படி இறக்கிவிடுவது?

எதிராளி அணி இல்லாமல், போட்டி இல்லாமல் எதற்கு இவ்வளவு என்று வெளியே கேட்கிறவர்களும் உண்டு. ஞாயிறு காலை அந்தச் சுவர் அசையாமல் ஒரு ஜாம் முழுதும் நின்றால் அது எனக்குப் போதும். எட்டரைக்கு மேல் தகரக் கூரை கொதிக்கும், அதற்குமுன் அப்படி ஒரு தடவையாவது நிற்கவேண்டும் என்றுதான் அதிகாலையில் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறுகிறேன்.

தம்பி, வருகிற ஞாயிறும் விழுந்து எழும்புவதுதான், அதோடு முதல் தடவையாக உங்களைச் சுவரின் நடுவில் விடலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். உங்கள் வலது மணிக்கட்டுக் காப்பின் ஒட்டுப்பட்டி கிழிந்திருக்கிறது, போன கிழமையே பார்த்தேன். மெயின் ஸ்ட்ரீட் பக்கம் பை தைக்கிறவரிடம் கொடுத்தால் உடனே தைத்துத் தருவார். ஆறு மணிக்கு வாருங்கள், வெங்காய லொறி சனி இரவு பிந்தித்தான் வருமாம், கூட்டுவதற்கு ஆள் கூட வேண்டும்.