'பரீட்சை முடியட்டும்' என்று நானும்தான் சொன்னேன்

கோத்தகிரியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓர் அம்மாயியும் பேத்தியும் இருக்கிறார்கள். தாய் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்" என்று காரியம் முடிந்த கையோடு அவரேதான் விட்டுப் போனார்.

திரும்ப வந்து கேட்டபோது எல்.கே.ஜி. சேர்த்தாயிற்று. "பரீட்சை முடியட்டும் தம்பி" என்று அனுப்பிவைத்தோம். எல்.கே.ஜி.க்கு என்ன பெரிய பரீட்சை! அடுத்த முறை, மலையில் பழகின உடம்பு கீழே வெயில் தாங்காது என்றோம். அப்புறம் அவருக்கு மறுகல்யாணப் பேச்சு வந்தது. சித்தி என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. மூன்று வருஷம் போய்விட்டது.

போன மாதம் வந்தவர் பையிலிருந்து ஒரு ஸ்வெட்டர் எடுத்து மகளுக்கு மாட்டிவிட்டார். கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. "துணி வெட்டிப் பிழைக்கிற மனுசனுக்குப் பெத்த புள்ள அளவு தெரியல, பாத்தீங்களா" என்றார் அம்மாயி. எனக்குச் சுருக்கென்றது. தெரியவிடாமல் செய்தது யார்?

1956 இந்து மைனர் காப்பாளர் சட்டப்படி அப்பாதான் இயற்கைக் காப்பாளர். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. தாய் புற்றுநோயில் இறந்துபோக, தாய்வழி உறவினர் வளர்த்த குழந்தையை 2019-இல் உச்ச நீதிமன்றம் அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்னது. உறவினர் சில காலம் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்காக அப்பாவின் உரிமை போய்விடாது. வளர்த்தவர்கள் பிள்ளையைப் பார்க்கவும் அதே தீர்ப்பில் வழி செய்திருந்தார்கள்.

"புள்ளையவே கேளுங்க" என்கிறார்கள். ஆறு வயசுப் பிள்ளை, காலையில் தலைவாரி விட்டவரைத்தானே காட்டும்?

அப்பா குடிகாரர், அடிப்பவர் என்றால் கதையே வேறு. இவர் அப்படியில்லை. அம்மாயியின் வலியும் பொய்யில்லை. இலை பறித்துவிட்டு வந்து, அந்தக் கையாலேயே சோறு ஊட்டி வளர்த்தவர். பெண்ணைப் பறிகொடுத்தவரிடமிருந்து பேத்தியையும் ஒரே நாளில் பிடுங்கச் சொல்லவில்லை. சனி ஞாயிறு அப்பாவோடு இருக்கட்டும், பழகட்டும், அடுத்த ஜூனில் திருப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் சேரட்டும். லீவு முழுக்க இங்கே. வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் சரி என்றார். அம்மாயி என்னிடம் பேசுவதில்லை. பால் வாங்கும் இடத்தில் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறார்.